பவர்ஃபுல் டீ ஏன் இல்லை?

'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்ற குரல் கேட்காத டீக்கடை தமிழ்நாட்டில் இருக்காது. அதையே 'பவர்ஃபுல்லா ஒரு டீ' என்று கேட்டால் மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஆளைப் பார்ப்பார். இன்ஜின் விஷயத்தில் கதை தலைகீழ். பவர்ஃபுல் இன்ஜின் என்றால் இழுவை அதிகம் என்று புரிகிறது. ஸ்ட்ராங் இன்ஜின் என்றால் இரும்பு கெட்டி என்றுதான் தோன்றுகிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் வலிமை, ஆற்றல், பலம் என்று ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆங்கிலம் அதிகம் படிக்காதவர்கூட டீக்கு எது, இன்ஜினுக்கு எது என்று பிசகாமல் சொல்கிறார். அப்படியானால் அந்த வேறுபாடு அகராதிக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

இந்த டீயை மொழியியலுக்குள் கொண்டுவந்தவர் மைக்கேல் ஹாலிடே. 1966இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் இதே இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டார். வாதம் ஒன்றை ஸ்ட்ராங் என்றும் சொல்லலாம், பவர்ஃபுல் என்றும் சொல்லலாம். தேநீருக்கும் காருக்கும் வரும்போது மட்டும் பாதை பிரிகிறது. இதற்குத் தர்க்கம் தேடிப் பயனில்லை, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு பழகியிருக்கிறது என்பதுதான் விஷயம் என்றார் அவர். மழையையும் காற்றையும் பாருங்கள். தமிழில் பலத்த மழை, பலத்த காற்று என்று ஒரே சொல் இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் மழை என்றால் ஹெவி, காற்று என்றால் ஸ்ட்ராங். மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை கிடையாது, பொருளும் விளங்கும். ஆனால் சொன்னவர் வெளியூர்க்காரர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஹாலிடேயின் ஆசிரியர் ஜே. ஆர். ஃபர்த். ஒரு சொல்லின் பொருளை அதன் சகவாசத்தை வைத்தே அறியலாம் என்ற கருத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது. லண்டனில் பேராசிரியராவதற்கு முன் 1920களில் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்புக்காகத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு சிறு விளக்கமும் எழுதிச் சேர்த்திருக்கிறார். நம் ழகரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர்தான் பின்னாளில் ஆங்கிலச் சொற்களின் சகவாசத்தையும் ஆராய்ந்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

சகவாசத்தை எண்ணிப் பார்க்கக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையிலான குழு புத்தகம், செய்தித்தாள், பேச்சு என்று எல்லாவற்றிலிருந்தும் ஏறக்குறைய 2 கோடி சொற்களைக் கணினியில் ஏற்றி, அதை அடிப்படையாக வைத்து 1987இல் ஓர் அகராதியை வெளியிட்டது. அவர்கள் வேலை செய்த விதம் எளிமையானது. ஆராய வேண்டிய சொல்லை ஒவ்வொரு வரியின் நடுவிலும் நிறுத்துவார்கள். அதற்கு இடப்பக்கம் வந்த நாலைந்து சொற்கள், வலப்பக்கம் வந்த நாலைந்து சொற்கள் ஆகியவற்றோடு நூற்றுக்கணக்கான வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுவார்கள். பிறகு படிக்க வேண்டியது இடமிருந்து வலமாக அல்ல, மேலிருந்து கீழாக.

அப்படிக் கீழ்நோக்கிப் படித்தபோது, ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. 'செட் இன்' என்ற வினை தொடங்கியது, கால்கொண்டது என்று பொருள்படும். எந்த அகராதியும் அதைத் தீய சொல் என்று குறிப்பிட்டதில்லை. ஆனால் வரிக்கு வரி அதற்கு எழுவாயாக நின்றவை அழுகல், சிதைவு, சோர்வு, தொற்று. நல்லது எதுவும் 'செட் இன்' ஆவதில்லை. மைக்கேல் ஸ்டப்ஸ் என்ற ஆய்வாளர் 'காஸ்' என்ற சொல்லை இதேபோல் ஆராய்ந்து 1995இல் எழுதினார். ஒன்றுக்குக் காரணமாவது என்ற நடுநிலையான பொருள்தான் அதற்கு; ஆனால் வலப்பக்கத்தில் குவிந்திருந்தவை சேதம், சிக்கல், நோய், மரணம். 'புரொவைட்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலோ உதவி, ஆதரவு, பாதுகாப்பு. இதைத் தமிழில் சோதித்துப் பார்க்கக் கணினியே வேண்டாம். விபத்து நேர்ந்தது என்போம், கல்யாணம் நடந்தது என்போம். 'போன வாரம் அவனுக்குக் கல்யாணம் நேர்ந்தது' என்று சொல்லிப் பாருங்கள், மாப்பிள்ளையின் நிலைமை சொல்லாமலே விளங்கிவிடும்.

இந்தச் சகவாசச் சாயத்தைப் பயன்படுத்திக் கிண்டலைக்கூடக் கண்டுபிடிக்கலாம் என்று 1993இல் பில் லௌ எழுதினார். ஆங்கிலத்தில் 'பென்ட் ஆன்' என்று ஒரு தொடர். அழிப்பதில், பழிவாங்குவதில் குறியாக இருப்பவர்களுக்குத்தான் அது வழக்கமாக வரும். ஒரு எழுத்தாளர் அதையே 'தன்னை மேம்படுத்திக்கொள்வதில் குறியாக இருந்தார்கள்' என்ற இடத்தில் போட்டால், வாசகர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். நம்மிடம் அதே வேலையைச் செய்வது கங்கணம். குடும்பத்தைக் கெடுக்கக் கங்கணம் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மகன் படிக்கக் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஓர் அப்பா சொன்னால், புத்தகத்தை அவன் திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

சகவாசம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லாது. ஃபர்த்தின் கருத்தை இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தபோது இது தெளிவானது. 2013இல் கூகுளில் தோமாஷ் மிக்கோலவ் குழுவினர் வெளியிட்ட 'வேர்டுடுவெக்' முறையில் ஒவ்வொரு சொல்லும் அதன் அக்கம்பக்கத்தை வைத்து ஓர் எண்வரிசையாக மாறுகிறது. ஒரே மாதிரியான இடங்களில் புழங்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று அருகில் வந்து உட்காரும். அரசனுக்கு அருகில் மன்னன் வருவது சரிதான். ஆனால் சூடான என்ற பொருள் தரும் 'ஹாட்'டுக்கு அருகில் குளிர்ந்த என்ற பொருள் தரும் 'கோல்ட்'டும் வந்து உட்கார்ந்துவிடும். காபி, தண்ணீர், காற்று, சாப்பாடு என்று இரண்டும் சுற்றுவது ஒரே இடங்களைத்தானே. கூட்டாளியும் எதிராளியும் ஒரே தெருவில் நடமாடினால் தெருவை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எனவே சொல்லின் உள்ளேயும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உள்ளே பார்க்க ஒரு நல்ல வழியை 1970இல் சார்ல்ஸ் ஃபில்மோர் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவை மிகச் சாதாரணமான இரண்டு வினைகள்: அடிப்பதைக் குறிக்கும் 'ஹிட்', உடைப்பதைக் குறிக்கும் 'பிரேக்'. ஒருவன் ஜன்னலைக் கல்லால் அடித்தான், ஒருவன் ஜன்னலைக் கல்லால் உடைத்தான். வாக்கியத்தின் சட்டகம் ஒன்றே. ஆனால் ஆளை நீக்கிவிட்டு ஜன்னலை எழுவாயாக்குங்கள். 'தி விண்டோ புரோக்' என்றால் ஜன்னல் உடைந்தது. 'தி விண்டோ ஹிட்' என்றால் ஒன்றும் ஆகாது, வாக்கியமே நிற்காது.

தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. உடைத்தான், உடைந்தது. கிழித்தான், கிழிந்தது. முறித்தான், முறிந்தது. இவற்றுக்கெல்லாம் ஜோடி உண்டு. அடித்தான் என்பதற்கு? 'அடிந்தது' என்று ஒரு சொல் தமிழில் இல்லை. உதைத்தானுக்கு 'உதைந்தது' இல்லை. தொட்டானுக்கும் ஜோடி இல்லை. வேண்டுமானால் அடிபட்டது, உதைபட்டது என்று 'படு'வைத் துணைக்கு அழைக்க வேண்டும். காரணம் இதுதான்: உடைப்பது என்பது பொருளின் நிலையில் நடக்கும் மாற்றம். யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லாமலே அந்த மாற்றத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம். அடிப்பது ஒரு செயலின் வகை. கை ஓங்கி ஒன்றின்மேல் படுவது அது. பட்ட பொருளுக்கு ஏதாவது ஆயிற்றா என்பதைப் பற்றி அடிக்குக் கவலையில்லை. சுவரை அடிக்கலாம், சுவர் அப்படியே நிற்கும். சுவரை உடைத்தேன், சுவர் அப்படியே நிற்கிறது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது சோதனை உடம்பில். ஆங்கிலத்தில் ஒருவனைக் காலில் 'ஹிட்' செய்யலாம், காலில் 'பிரேக்' செய்ய முடியாது. அவனுடைய காலைத்தான் 'பிரேக்' செய்ய வேண்டும். தமிழும் அப்படியே நடந்துகொள்கிறது. அவனைக் காலில் அடித்தான், சரி. அவனைத் தோளில் தொட்டான், சரி. அவனைக் கையில் வெட்டினான், சரி. அவனைக் காலில் உடைத்தான் என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரே இடத்தில் கோடு போடுகின்றன. இங்கே சோதிக்கப்படுவது, பொருள்மீது ஏதோ ஒன்று படுவது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறதா என்பது. அடி, தொடு, வெட்டு மூன்றிலும் இருக்கிறது. உடை என்பதில் இல்லை. கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் நீரை ஊற்றியும் உடைக்கலாம் அல்லவா?

மூன்றாவது சோதனை ஆங்கிலத்துக்கே உரியது. வினைக்குப் பின்னால் 'அட்' என்ற சின்னச் சொல்லைச் சேர்த்தால், முயன்றான், முழுதாக முடிந்ததா தெரியவில்லை என்று பொருள் மாறும். பந்தை நோக்கி மட்டையை வீசினால் 'ஹிட் அட்'. ரொட்டியை அறுக்கத் திணறினால் 'கட் அட்'. ஆனால் 'டச் அட்' கிடையாது, 'பிரேக் அட்' கிடையாது. அசைவும் வேண்டும், படுவதும் வேண்டும். இரண்டும் உள்ள சொல்தான் 'அட்'டை ஏற்கும். ஆக நான்கு சொற்களின் உள்கட்டும் வெளியே வந்துவிட்டது. தொடுவதில் படுவது மட்டும். அடிப்பதில் அசைவும் படுவதும். வெட்டுவதில் அசைவு, படுவது, மாற்றம் மூன்றும். உடைப்பதில் மாற்றம் மட்டும். அகராதியில் எத்தனை வரி எழுதினாலும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்க முடியாது.

பெத் லெவின் இதே முறையில் 3000க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை வகைப்படுத்தி 1993இல் ஒரு நூலாக்கினார். உடை வகையில் விரிசல், நொறுங்கல், பிளவு சம்பந்தமான வினைகளெல்லாம் ஒரு குடும்பமாக நிற்கின்றன. அடி வகையில் அறை, உதை, தட்டு, குத்து சம்பந்தமானவை. ஆங்கிலம் கற்பவருக்கு இது பெரிய சலுகை. புதிதாக ஒரு வினையைச் சந்தித்ததும் அது உடையின் சொந்தமா, அடியின் சொந்தமா என்று தெரிந்துகொண்டால், இலக்கணத்தில் பாதி தானாக வந்துவிடும்.

எல்லாக் கோடுகளையும் இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் போடுவதில்லை என்பதற்கும் ஒரு உதாரணம் பார்த்துவிடலாம். நம் ஊர் ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம், பாட்டிலில் வாட்டரை 'ஃபில்' பண்ணு என்பது. இங்கிலாந்துக்காரர் காதில் இது உறுத்தும். அவருக்கு 'ஃபில்' என்பது பாத்திரத்தின் கதையைச் சொல்லும் சொல்: காலியாக இருந்தது, நிறைந்தது. எனவே செயப்படுபொருள் பாட்டில்தான், தண்ணீர் அல்ல. தண்ணீரின் கதையைச் சொல்ல 'போர்' என்று, ஊற்றுவதற்கான சொல் வேறு இருக்கிறது. லாரியில் சரக்கு ஏற்றும் 'லோட்' மட்டும் இரண்டு பக்கமும் போகும். லாரியையும் 'லோட்' பண்ணலாம், வைக்கோலையும் 'லோட்' பண்ணலாம். தமிழ் நிரப்பு அந்த 'லோட்' மாதிரி. குடத்தை நிரப்பு என்கிறோம், குடத்தில் தண்ணீர் நிரப்பு என்றும் கூசாமல் சொல்கிறோம். நம் ஊர் வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் இதே தவறைச் செய்கிறார்கள். ஆனால் வினைக்குள் இருக்கும் கதையை அவர்கள் கவனிக்காமல் இல்லை. ஜெஸ் குரோப்பன், ஸ்டீவன் பிங்கர் உள்ளிட்ட குழு 1991இல் ஒரு சோதனையை வெளியிட்டது. இல்லாத வினைகளை உண்டாக்கிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பொருளை வளைந்து நெளிந்து கொண்டுபோய்த் துணியின்மேல் வைக்கும் செயலுக்கு ஒரு சொல். வைத்ததும் துணி தொய்வது போன்று மாறிவிடும் செயலுக்கு ஒரு சொல். பிறகு அந்தச் சொற்களை வைத்து வாக்கியம் கேட்டபோது, முதல் வகையில் நகர்ந்த பொருளையும் இரண்டாம் வகையில் மாறிப்போன துணியையும் செயப்படுபொருளாக வைக்கும் போக்கு தெரிந்தது. ஒரு வினை எந்தப் பொருளின் தலையெழுத்தைப் பேசுகிறது என்பதை மனம் தானாகவே கவனித்துக்கொள்கிறது.

சரி, ஒரே மாதிரியான இத்தனை சொற்கள் ஆங்கிலத்துக்கு எதற்கு? பெரும்பகுதி விடை படையெடுப்பில் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த வைக்கிங் கூட்டத்தார் தங்கள் சொற்களை விட்டுச்சென்றார்கள். சட்டையைக் குறிக்கும் 'ஷர்ட்', பாவாடையைக் குறிக்கும் 'ஸ்கர்ட்' இரண்டும் ஒரே வேர்தான். முன்னது உள்ளூர் வடிவம், பின்னது வைக்கிங் வடிவம். 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. பின்னர் படிப்பாளிகள் லத்தீனிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். கேட்பதற்கு 'ஆஸ்க்' உள்ளூர்ச் சொல், 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி, 'இன்டராகேட்' லத்தீன். மூன்றும் கேட்பதுதான், ஆனால் வழி கேட்பது, கேள்வி கேட்பது, போலீஸ் கேட்பது என்று மாடிப்படி மாதிரி ஏறுகிறது.

இங்கே எல்லோரும் சொல்லும் கதை மாட்டிறைச்சிக் கதை. கொட்டிலில் நிற்கும்வரை 'ஆக்ஸ்', தட்டுக்கு வந்தால் 'பீஃப்'. மேயும்போது 'ஷீப்', வெந்தபின் 'மட்டன்'. வளர்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன், அதனால்தான் இப்படி என்பார்கள். வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு விதூஷகன் வாயால் சொல்ல வைத்து இதை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார். அழகான கதை, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே அழகு. பிரெஞ்சில் அந்தச் சொற்கள் விலங்கு, இறைச்சி இரண்டையுமே குறித்தன. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் பல நூற்றாண்டுகள் உயிருள்ள மாட்டையும் ஆட்டையும் அப்பெயர்களால் அழைத்திருக்கிறார்கள். கொட்டிலுக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று சுத்தமாகப் பிரிந்தது மெல்ல மெல்ல, நார்மன் பிரபுக்கள் மண்ணோடு மண்ணாகி வெகுகாலம் கழித்து. அந்த மட்டன் நம் ஊருக்கு வந்ததும் செம்மறியை விட்டு வெள்ளாட்டுக்குத் தாவிக்கொண்டது தனிக்கதை.

நீதிமன்ற ஆங்கிலத்தில் மட்டும் பிரியாமல் ஜோடியாகவே தங்கிவிட்டன. உயிலுக்கு 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்று ஒரே பொருளில் இரண்டு பெயர். ஒன்று உள்ளூர், ஒன்று லத்தீன் வழி. நடு மையம் என்று நாம் சொல்வதை நன்னூல் வழியில் வந்த இலக்கணக்காரர்கள் ஒருபொருட்பன்மொழி என்பார்கள். வக்கீல்கள் அந்த வழக்கத்தில் நல்ல வரும்படி பார்த்திருக்கிறார்கள்.

ஒரே பொருளோடு இரண்டு சொற்கள் ஒரே ஊரில் நெடுங்காலம் வாழ்வதில்லை, ஒன்று சாகும் அல்லது இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று பிரான்சின் மிஷெல் பிரயால் 1897இல் எழுதினார். பங்கீட்டில் மூத்தது பெரும்பாலும் குறுகிப்போகிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்' என்றால் எந்த நாயும்தான். 'டாக்' வந்து நாய்க்குலம் முழுவதையும் எடுத்துக்கொண்டபின் ஹவுண்டுக்கு மிஞ்சியது வேட்டை நாய். 'டியர்' எந்த விலங்கையும் குறித்தது. இன்று மான் மட்டும். 'ஸ்டார்வ்' என்றால் சாவது. இன்று பட்டினி கிடப்பது. 'ஸ்டென்ச்' பழைய ஆங்கிலத்தில் வெறும் வாசம், நல்லதாகவும் இருக்கலாம். பின்னால் வந்த 'ஸ்மெல்' அந்த நடு இடத்தைப் பிடித்தது, பூக்களைப் பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் எடுத்துக்கொண்டன, ஸ்டென்ச்சுக்குச் சாக்கடைதான் மிச்சம். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. திருக்குறளில் மொட்டுக்குள் ஒளிந்திருக்கும் நறுமணத்துக்குப் பெயர் நாற்றம். இன்று யாருடைய வீட்டு மல்லிகையைப் பற்றியாவது அப்படிச் சொல்லிப் பார்க்க முடியுமா?

பிரயால் சொன்னது விதியாக அல்ல, போக்காகவே செல்லுபடியாகும். சோபாவையும் 'கவுச்'சையும் பல ஆங்கிலேயர்கள் வேறுபாடின்றிச் சொல்கிறார்கள். ஒரு முட்செடிக்கு 'கோர்ஸ்', 'ஃபர்ஸ்' என்று இரண்டு பெயர்கள் பொருள் மாறாமல் நெடுநாளாக இருக்கின்றன. ஆனால் இவை அரிது. ஏன் அரிது என்பதற்கு ஒரு காரணம் மூன்று வயதுக் குழந்தையிடம் இருக்கிறது. எலன் மார்க்மனும் உடன் பணியாற்றியவரும் 1988இல் வெளியிட்ட சோதனையில், குழந்தைக்குப் பெயர் தெரிந்த ஒரு பொருளையும் பெயர் தெரியாத ஒரு சாமானையும் முன்னால் வைத்து, கேட்டறியாத ஒரு பெயரைச் சொல்லி எடுக்கச் சொன்னார்கள். குழந்தைகள் பெரும்பாலும் பெயர் தெரியாத சாமானைத்தான் எடுத்தார்கள். தெரிந்ததற்குத்தான் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, புதுப் பெயர் அதற்காக இருக்காது என்ற கணக்கு. வடிவம் வேறானால் பொருளும் வேறு என்று குழந்தை எடுத்துக்கொள்வதை ஈவ் கிளார்க் ஒரு கொள்கையாகவே வகுத்தார். ஒவ்வொரு தலைமுறையும் இந்த எதிர்பார்ப்போடுதான் மொழிக்குள் நுழைகிறது. பெற்றோருக்கு வேறுபாடில்லாத இரண்டு சொற்களில் பிள்ளை ஒரு வேறுபாட்டைத் தேடும். தேடினால் கிடைக்கவும் செய்யும்.

இதற்கு உச்சம் என்று நான் நினைப்பது நிழல். ஆங்கிலத்தில் 'ஷேட்', 'ஷேடோ' என்று இரண்டு உண்டு. ஒன்று உள்ளூர், ஒன்று வந்தேறி என்று இங்கே சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல். அது எழுவாயாக நிற்கும்போது ஒரு வடிவம், வேற்றுமை உருபு ஏற்கும்போது வேறு வடிவம். நம் மரம், மரத்தை, மரத்தில் மாதிரி. காலப்போக்கில் ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை உதிர்த்துவிட்டது. வடிவங்கள் இரண்டும் வேலையில்லாமல் நின்றன. மரம் என்பதும் மரத்து என்பதும் தனித்தனிச் சொற்களாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நடந்தது. புல்வெளியைக் குறிக்கும் 'மீட்', 'மெடோ' இரண்டும் அப்படிப் பிரிந்தவையே. அதில் முன்னது கவிதைக்குள் போய் ஒடுங்கிவிட்டது. நிழலில் இரண்டுமே பிழைத்தன, பிழைப்பதற்காகப் பாகப்பிரிவினையும் செய்துகொண்டன.

பாகம் எப்படிப் பிரிந்தது? வெயிலுக்கு ஒதுங்கி உட்காரும் இடம் 'ஷேட்'. தரையில் விழும் உருவம் 'ஷேடோ'. முன்னது எண்ண முடியாதது, தண்ணீர் மாதிரி. கொஞ்சம் 'ஷேட்' என்பார்கள். பின்னது எண்ணக்கூடியது, அதற்கு விளிம்பு உண்டு, சொந்தக்காரர் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றால் பத்து 'ஷேடோ'க்கள் இருக்கும். கூரை இல்லாவிட்டால் 'ஷேட்' இருக்காது. சந்திர கிரகணத்தில் நிலவின்மேல் விழுவது பூமியின் 'ஷேடோ'. அங்கே போய் யாரும் இளைப்பாறப் போவதில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்னும்போது நாம் சொல்வது முன்னதை; நிழல் மாதிரி பின்னாலேயே வருகிறான் என்னும்போது பின்னதை. தமிழ் மாணவர் மரத்தின் 'ஷேடோ'வில் உட்கார்ந்தேன் என்று எழுதுவதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருப்பதை அங்கே இரண்டு வீடாகப் பிரித்துக் குடிவைத்திருக்கிறார்கள்.

அறிவியல் மட்டும் இந்தப் பிரிவினைக்காகக் காத்திருப்பதில்லை, கூட்டம் போட்டுப் பிரித்துவிடும். 'ஸ்பீட்', 'வெலாசிட்டி' இரண்டும் பேச்சில் வேகம்தான். இயற்பியல் பின்னதற்குத் திசையையும் சேர்த்து ஒட்டிவிட்டது. நம் பாடநூல்களில் வேகம், திசைவேகம். நிறை, எடை கதையும் அதுவே. கடைக்காரர் தராசில் இரண்டும் ஒன்று. நிலவுக்குப் போனால் நிறை மாறாது, எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும்.

பிரயால் சொன்ன பங்கீடு கண்ணெதிரே நடப்பதைப் பார்க்க இங்கிலாந்து போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போகிறோம். அதே ஆள் மறுநாள் செய்தித்தாளில் மருத்துவர் ஆகிவிடுகிறார். வைத்தியர் என்றால் அவர் இல்லை. அது சித்த வைத்தியர், நாட்டு வைத்தியர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர். ஒரு சொல் இங்கிலாந்திலிருந்து, ஒன்று தமிழ், ஒன்று வடமொழி. மூன்றும் பேச்சு, எழுத்து, மருந்தின் வகை என்று பிரித்துக்கொண்டன. கடலைத் தாண்டினால் இதே சொற்கள் வேறு விதமாகப் பிரிந்திருக்கின்றன. இலங்கைத் தமிழில் ஸ்டெதஸ்கோப் மாட்டியவரே வைத்தியர், அவர் பணிபுரியும் இடம் வைத்தியசாலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்ற பெயரை முதன்முதலாகப் படிக்கும் சென்னைக்காரர், சித்த வைத்தியம் சொல்லித்தரும் இடம் போலிருக்கிறது என்று நினைத்தால் வியப்பில்லை. அது மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெறும் பெரிய ஆங்கில மருத்துவமனை.